வயிற்றில் பை வைத்த பிறகு

"வயிற்றில் பை வைத்துவிட்டார்கள்" என்றுதான் நம் வீடுகளில் இந்த அறுவை சிகிச்சையைச் சொல்கிறோம். சொல்பவர் குரல் தாழ்ந்துவிடும். கேட்பவர் அடுத்த கேள்வி கேட்க மாட்டார். ஆனால் உடலுக்குள் யாரும் எந்தப் பையையும் வைப்பதில்லை. குடலின் ஒரு முனையை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே கொண்டுவந்து, சட்டைக் கையை மடித்துவிடுவதைப் போல அதைப் புறம் திருப்பி, சுற்றியுள்ள தோலோடு சேர்த்துத் தைக்கிறார்கள். அந்தத் திறப்புக்குத்தான் ஸ்டோமா என்று பெயர். கிரேக்க மொழியில் அதற்கு வாய் என்பது பொருள். பை வெளியில் ஒட்டப்படுவது, கழற்றக்கூடியது, மாற்றக்கூடியது. இந்த வேறுபாட்டை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பையும் உடம்பின் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்ட குடும்பங்கள் அதைத் தொடவே அஞ்சுகின்றன. கழற்றினால் உள்ளே ஏதோ அறுந்துவிடும் என்ற பயத்தில், ஒழுகும் பையின் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு நாள்களைக் கடத்துகின்றன.

மலக்குடல் புற்றுநோய், குடல் அடைப்பு, விபத்துக் காயம், பெருங்குடல் புண் நோய், டைபாய்டிலோ காசநோயிலோ குடலில் ஓட்டை விழுதல், ஆசனவாய் இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் என்று இதற்கான காரணங்கள் பல. பெருங்குடலிலிருந்து திறந்தால் கொலாஸ்டமி. பெரும்பாலும் இடது அடிவயிற்றில் இருக்கும், வெளியேறுவது ஏறக்குறைய வழக்கமான மலமாகவே இருக்கும். சிறுகுடலின் கடைசிப் பகுதியிலிருந்து திறந்தால் இலியாஸ்டமி. பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கும், வெளியேறுவது கூழாகவோ நீராகவோ நாள் முழுதும் வந்துகொண்டிருக்கும். சிறுநீருக்காகத் திறப்பது யூராஸ்டமி. சில ஸ்டோமாக்கள் சில மாதங்களில் மூடப்படுபவை, சில வாழ்நாள் முழுதும் இருப்பவை. மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போது தம்முடையது எந்த வகை, மூடப்படுமா, எப்போது என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளாமல் வருபவர்கள் பலர். வீட்டில் அதன்பின் வரும் குழப்பங்களில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

முதன்முறை பார்க்கும்போது ஸ்டோமா திடுக்கிட வைக்கும். ஈரமாக, கன்னத்தின் உட்புறச் சதையைப் போலச் சிவந்து, சில நேரம் தானாகவே சுருங்கி விரிந்து அசையும். அதில் வலி உணரும் நரம்புகள் இல்லை, தொட்டால் வலிக்காது. துடைக்கும்போது ஓரிரு துளி இரத்தம் கசிவதும் இயல்பே, பல் துலக்கும்போது ஈறில் கசிவதைப் போன்றது அது. கவனிக்க வேண்டியது நிறத்தை. சிவப்பும் இளஞ்சிவப்பும் நல்லவை. கருஞ்சிவப்பாகவோ, ஊதாவாகவோ, கருப்பாகவோ மாறினால் இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம். அன்றைய தினமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறுவைக்குப் பின் வீங்கியிருக்கும் ஸ்டோமா ஆறு முதல் எட்டு வாரங்களில் சுருங்கித் தன் நிலையான அளவுக்கு வரும்.

ஸ்டோமாவோடு வாழும் ஒருவரை வீட்டுக்குள் அடைத்துப்போடுவது ஸ்டோமா அல்ல, கசிவு. என் தந்தையைப் பார்த்துக்கொண்ட ஆண்டுகளில் இதுவே எனக்கு உறுதியானது. வாடை, தூக்கமின்மை, தோல் எரிச்சல், திருமணத்துக்குப் போக மறுப்பது, பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளத் தயங்குவது என்று ஒவ்வொன்றையும் பின்தொடர்ந்து போனால், பையைத் தோலில் ஒட்டிப் பிடிக்கும் பசைத் தகடான அடித்தட்டுக்கும் தோலுக்கும் இடையில் திரவம் நுழைந்த ஒரு சிறு வழியில் போய் நிற்கும். சிறுகுடலிலிருந்து வரும் திரவத்தில் செரிமான நொதிகள் இருக்கின்றன. இறைச்சியைக் கரைக்கும் அந்த நொதிகள் தோலையும் விட்டுவைப்பதில்லை. சில மணி நேரத்திலேயே தோல் சிவந்து, உரிந்து, ஈரம் கசியத் தொடங்கும். ஈரத் தோலில் அடுத்த தட்டு ஒட்டாது. ஒட்டாததால் மீண்டும் கசியும், கசிவதால் தோல் இன்னும் புண்ணாகும். இந்தச் சுழலுக்குள் விழாமல் இருப்பதும், விழுந்தால் விரைந்து வெளியேறுவதும்தான் அன்றாடப் பராமரிப்பின் முழு வேலை.

இந்த வேலை அறுவை அரங்குக்குப் போவதற்கு முன்பே தொடங்க வேண்டியது. ஸ்டோமா எங்கே அமைய வேண்டும் என்பதை நோயாளியைப் படுக்க வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. உட்கார வைத்தும், நிற்க வைத்தும், குனிய வைத்தும் பார்த்து மையால் குறியிட வேண்டும். தொப்புள், பழைய தழும்பு, இடுப்பெலும்பு, வயிற்று மடிப்பு, ஆடை கட்டும் இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். நோயாளி தன் கண்ணால் பார்க்கக்கூடிய இடமாகவும் இருக்க வேண்டும். நம் ஊரில் இதற்கு மேலும் சில உண்டு. வேட்டி இறுகும் இடம், உள்பாவாடை நாடா அழுத்தும் இடம், தரையில் சம்மணமிட்டு உட்காரும்போது வயிறு மடியும் கோடு ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். என் தந்தைக்குக் குடல் அடைப்பு ஏற்பட்டு நள்ளிரவில் அவசரமாக அறுவை நடந்தது; குறியிட நேரம் இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஸ்டோமா சரியாக வேட்டி கட்டும் கோட்டில் அமைந்துவிட்டது. மூன்று மாதங்கள் நாங்கள் பையைக் குறை சொன்னோம், கம்பெனியை மாற்றிப் பார்த்தோம். பிறகு ஸ்டோமா செவிலியர் ஒருவர் அவரைத் தரையில் சம்மணமிட்டு உட்காரச் சொன்னார். தட்டின் கீழ்விளிம்புக்கு அடியில் ஆழமாக விழுந்த ஒரு மடிப்பை என் விரலை வைத்துக் காட்டினார். மடிப்பை நிரப்பும் வளையமும், உட்புறம் குவிந்த தட்டும், அதைப் பிடித்துக்கொள்ள ஒரு மெல்லிய பெல்ட்டும் சேர்ந்தபோது கசிவு நின்றது. அவ்வளவு எளிய ஒரு பார்வைக்கு மூன்று மாதம் பிடித்ததே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இந்தச் சிகிச்சையின் வரலாறும் கசிவோடு நடந்த போராட்டமாகவே இருக்கிறது. 1952ஆம் ஆண்டுக்கு முன்பு சிறுகுடல் முனையைத் திருப்பிவிடாமலேயே வெளியில் விட்டுவந்தார்கள். குடலின் வெளிப்புறம் திரவம் பட்டு அழன்று, திறப்பு குறுகிப்போகும். இங்கிலாந்தில் பர்மிங்ஹாமைச் சேர்ந்த பிரையன் புரூக் என்னும் அறுவை மருத்துவர், குடலின் உட்படலம் வெளியே தெரியும்படி முனையை மடித்துத் தைக்கும் முறையை அந்த ஆண்டு வெளியிட்டார். தோலைவிட்டுச் சற்று நீட்டி நிற்கும் அந்த முனை, திரவத்தைத் தோலில் வழியவிடாமல் பைக்குள் விழச் செய்தது. இன்றைக்கும் இலியாஸ்டமி அந்த முறையில்தான் அமைக்கப்படுகிறது. அப்போது பைகள் ரப்பரால் ஆனவை. கழுவிக் கழுவிப் பயன்படுத்த வேண்டியவை, வாடை பிடித்தவை. 1954இல் டென்மார்க்கைச் சேர்ந்த எலிசே சோரன்சன் என்ற செவிலியர், ஸ்டோமா வைக்கப்பட்ட தன் தங்கை வெளியில் போகவே அஞ்சியதைப் பார்த்து, ஒட்டி எடுத்து எறியக்கூடிய பிளாஸ்டிக் பையைச் சிந்தித்தார். 1957இல் தொடங்கப்பட்ட கோலோபிளாஸ்ட் நிறுவனத்தின் வேர் அந்தப் பைதான். அமெரிக்காவில் கிளீவ்லாந்து கிளினிக்கின் ரூபர்ட் டர்ன்புல், தோலைக் காக்க கராயா பிசினைப் பயன்படுத்தினார். கராயா பிசின் இந்தியக் காடுகளின் மரங்களிலிருந்தும் வடிக்கப்படுவது. தாமும் ஸ்டோமா வைத்திருந்த நார்மா கில் 1958இல் டர்ன்புல்லோடு சேர்ந்து மற்ற நோயாளிகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். ஸ்டோமா செவிலியர் என்ற தனித் தொழிலே அங்கிருந்து பிறந்தது.

இனி பையை மாற்றும் வேலைக்கு வருகிறேன். சாப்பிட்ட பின் ஸ்டோமா சுறுசுறுப்பாக இருக்கும் என்பதால், காலையில் காபி குடிப்பதற்கு முன்பு மாற்றுவது நல்லது. புதிய தட்டு, பை, கத்தரிக்கோல், அளவு பார்க்கும் அட்டை, வெதுவெதுப்பான நீர், மென்மையான பருத்தித் துணி, கழற்றியதைச் சுற்றிப் போடச் செய்தித்தாள் ஆகியவற்றைக் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே பழையதைத் தொட வேண்டும். ஒரு கையால் தோலை மெல்ல அழுத்திக்கொண்டு, மறு கையால் மேலிருந்து கீழாகத் தட்டை உரிக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் தோலின் மேற்படலமும் சேர்ந்து வரும். உரித்த தட்டை உடனே சுருட்டி எறிந்துவிடாமல் அதன் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நீர் உறிஞ்சி வெளுத்து ஊதிய பகுதி எது, மலம் ஊர்ந்து போன தடம் எந்தப் பக்கம் என்பது அதில் படம் வரைந்ததைப் போலத் தெரியும். தடம் எப்போதும் ஒரே பக்கம் போகிறது என்றால் அந்தப் பக்கத்தில் மடிப்போ பள்ளமோ இருக்கிறது. தடம் எல்லாப் பக்கமும் பரவியிருந்தால் துளை பெரிதாக வெட்டப்பட்டிருக்கிறது, அல்லது தட்டை அளவுக்கு மீறிய நாள்கள் விட்டிருக்கிறோம்.

தோலைக் கழுவ நீரே போதும். எண்ணெய்ப் பசையுள்ள சோப்பு கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை விட்டுச்செல்லும்; அதன்மேல் தட்டு பிடிக்காது. கிருமிநாசினியும் ஸ்பிரிட்டும் தோலை எரிக்கும். புண்ணுக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் நம் வழக்கத்தையும் இங்கே கைவிட்டாக வேண்டும். ஒற்றி உலர்த்திய பிறகு, தோல் உரிந்த இடத்தில் மட்டும் ஸ்டோமா பவுடரைத் தூவி மிகுதியைத் தட்டிவிடலாம். முதல் இரண்டு மாதங்களில் ஒவ்வொரு முறையும் அட்டையால் அளந்து, ஸ்டோமாவைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாகத் துளை வெட்ட வேண்டும். பெரிதாக வெட்டினால் வெளியில் தெரியும் தோல் புண்ணாகும். இறுக்கமாக வெட்டினால் விளிம்பு ஸ்டோமாவை அறுக்கும். ஸ்டோமா சுருங்கிய பிறகும் மருத்துவமனையில் முதன்முதலில் வெட்டிக் கொடுத்த அளவிலேயே மாதக்கணக்கில் வெட்டிக்கொண்டிருப்பதுதான் வீடுகளில் நடக்கும் மிகப் பொதுவான தவறு. தட்டை ஒட்டுவதற்கு முன் உள்ளங்கைகளுக்கு இடையில் சற்று நேரம் வைத்துச் சூடாக்கி, ஒட்டிய பின் கையை மேலே வைத்து ஓரிரு நிமிடம் அழுத்திக்கொண்டிருந்தால் பசை இளகிப் பிடிக்கும்.

தட்டு பெரும்பாலோருக்கு மூன்று நான்கு நாள் தாங்கும். சித்திரை, வைகாசி வெயிலில் வியர்வையால் அந்தக் கணக்கு ஒரு நாளாவது குறையும். ஒரு தொகுதியின் விலை சில நூறு ரூபாய் என்பதால், கசியத் தொடங்கிய தட்டின் மேல் பிளாஸ்திரி ஒட்டி இன்னும் இரண்டு நாள் ஓட்டுவோர் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் பிளாஸ்திரிக்கு அடியில் மலம் தோலோடு அடைபட்டுக் கிடக்கிறது. அந்த இரண்டு நாளில் மிச்சமாகும் பணத்தைவிடப் புண்ணை ஆற்ற ஆகும் செலவு அதிகம். பணம் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் தட்டையும் பையையும் தனித்தனியாகப் பிரிக்கக்கூடிய இரட்டை அமைப்பை வாங்கி, பையைக் கழுவி உலர்த்தி மீண்டும் மாட்டலாம். தட்டில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது.

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும். நிறைந்து தொங்கும் பையின் பாரமே தட்டை இழுத்து உரிக்கும். காற்றால் பை ஊதும்போது குண்டூசியால் ஒரு துளையிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அதன்பின் அந்தப் பையில் வாடை ஒருபோதும் அடங்காது. அடிக்கிளிப்பைத் திறந்து காற்றை விடலாம், அல்லது கரி வடிகட்டி உள்ள பையை வாங்கலாம். சரியாக ஒட்டிய, துளையிடாத பையிலிருந்து வாடை வருவதில்லை. கிளிப் போட்டிருக்கும் அடிவாயைக் காலி செய்த பின் துடைக்காமல் விடுவதே பல வீடுகளில் வாடைக்குக் காரணம். குளிப்பதற்குத் தடையில்லை, பையோடும் குளிக்கலாம், கழற்றியும் குளிக்கலாம், ஸ்டோமா வழியாக நீர் உள்ளே போகாது.

உணவைப் பற்றி உறவினர்கள் சொல்லும் பத்தியங்களுக்கு அளவே இல்லை. முதல் நான்கு முதல் ஆறு வாரங்களுக்குக் குழைந்த சாதம், இட்லி, தயிர், தோல் நீக்கிய காய் போன்ற மென்மையான, நார் குறைந்த உணவு தேவை. அதன்பின் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்து, கொலாஸ்டமி உள்ளவர்கள் ஏறக்குறையப் பழைய சாப்பாட்டுக்கே திரும்பலாம். சுண்டல், முட்டைக்கோஸ், சோடா போன்றவை காற்றைக் கூட்டும்; முட்டை, வெங்காயம், கருவாடு வாடையைக் கூட்டும்; மோர் இரண்டையும் ஓரளவு தணிக்கும். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் பையில் சிவப்பைப் பார்த்து இரத்தம் என்று பதறி ஓடியவர்கள் உண்டு. பையில் வருவது குறையட்டும் என்று சாப்பாட்டைத் தவிர்ப்பதுதான் உண்மையில் கெடுதல். வெறும் குடல் காற்றைத்தான் அதிகம் உண்டாக்கும், உடல் தேறுவதும் தள்ளிப்போகும்.

இலியாஸ்டமி உள்ளவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள் கட்டாயம். முதலாவது அடைப்பு. தேங்காய்த் துருவல், சோளம், காளான், வேர்க்கடலை, வாழைத்தண்டு நார், முருங்கைக்காய்ச் சக்கை ஆகியவை ஸ்டோமாவின் குறுகலான வாயில் பந்தாகச் சிக்கிக்கொள்ளும். முருங்கைக்காயின் சதையை மட்டும் வழித்துச் சாப்பிடலாம், தேங்காயை அரைத்துப் பாலாக்கிக்கொள்ளலாம். எதையும் நன்றாக மென்று விழுங்க வேண்டும். பையில் எதுவுமே வராமல் சில மணி நேரம் கடந்து, வயிறு முறுக்கி, வாந்தியும் சேர்ந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. பேதி மாத்திரையை எக்காரணத்துக்காகவும் கொடுக்கக் கூடாது. இரண்டாவது உப்பும் நீரும். பெருங்குடல் உறிஞ்சிக்கொள்ள வேண்டிய நீரும் சோடியமும் இவர்களுக்கு நேரே பைக்குப் போய்விடுகின்றன. நாளொன்றுக்கு 500 முதல் 800 மில்லிலிட்டர் வரை வெளியேறுவது வழக்கமானது. 1500ஐத் தாண்டினால் உடல் வறளத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது தாகத்துக்கு வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடித்தால் உப்பு இன்னும் அடித்துச் செல்லப்படும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவின்படி தயாரித்த உப்புச் சர்க்கரைக் கரைசலே மருந்து. அதோடு உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் உதவும். இளநீரில் சோடியம் குறைவு, அதை மட்டும் நம்பக் கூடாது. தலைசுற்றல், கெண்டைக்கால் இழுப்பு, சிறுநீர் குறைந்து கருத்துப்போதல் ஆகியவற்றைக் கண்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மெல்லக் கரையும் வகை மாத்திரைகள் இவர்களுக்குக் கரையாமலேயே பையில் வந்து விழக்கூடும் என்பதால், வேறு எந்த நோய்க்கு மருந்து எழுதும் மருத்துவரிடமும் ஸ்டோமா இருப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

இடப்பக்கக் கொலாஸ்டமி நிரந்தரமாக உள்ளவர்களுக்கு மற்றொரு வழியும் இருக்கிறது. கூம்பு போன்ற முனையை ஸ்டோமாவில் வைத்து வெதுவெதுப்பான நீரை மெல்லச் செலுத்திக் குடலைக் கழுவிவிட்டால், அடுத்த 24 மணி நேரம், சிலருக்கு 48 மணி நேரம் வரை எதுவும் வராது; சிறு மூடி ஒன்றே போதும். முதலில் செவிலியரிடம் நேரில் கற்க வேண்டும், நாள்தோறும் முக்கால் மணி நேரமாவது கழிப்பறையில் ஒதுக்க வேண்டும். பைச் செலவைக் குறைப்பதால் நம் நாட்டில் இதை இன்னும் அதிகம் பேர் கேட்டுப் பயன்பெற வேண்டும் என்பது என் கருத்து. இலியாஸ்டமிக்கு இது பொருந்தாது. யூராஸ்டமி உள்ளவர்கள் நிறைய நீர் குடிக்க வேண்டும்; இரவில் பெரிய பையோடு குழாயை இணைத்துக்கொண்டால் தூக்கம் கெடாது, சிறுநீரில் வெள்ளை இழைகளாகக் கோழை வருவதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

குடம் தூக்குவதும் சிலிண்டர் நகர்த்துவதும் முதல் இரண்டு மாதங்களுக்கு அறவே கூடாது. ஸ்டோமாவைச் சுற்றியுள்ள தசை விரிந்து குடல் பிதுங்கிவிடும். இருமும்போதும் தும்மும்போதும் உள்ளங்கையால் அங்கே தாங்கிக்கொள்ளும் பழக்கம் வேண்டும். கீழே மலக்குடல் எஞ்சியிருப்பவர்களுக்கு அவ்வப்போது மலம் கழிக்கும் உணர்வு வந்து, ஆசனவாய் வழியாகச் சளி போன்றது வெளியேறும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் அறுவை தவறிவிட்டது என்று அழுதவர்களை அறிவேன். கழிப்பறையில் உட்கார்ந்து வெளியேற்றிவிட்டால் போதும்.

உடல் தேறிய பின்னும் மனம் தேற நாளாகும். பூஜை அறைக்குள் போகலாமா, விளக்கேற்றலாமா என்ற கேள்வியை ஒரு தாய் வாய்விட்டுக் கேட்க மாட்டார். தானாகவே விலகி நின்றுவிடுவார். அவரை உள்ளே அழைத்துப் போக வேண்டியவர்கள் வீட்டார்தாம். எல்லார் வயிற்றிலும் இருப்பதுதான் அவர் வயிற்றிலும் இருக்கிறது, வெளியேறும் வழி மட்டுமே வேறு. கணவன் மனைவிக்கிடையே நெருக்கத்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்க இருவருமே கூசுகிறார்கள். ஸ்டோமா அதற்குத் தடையல்ல. ஆனால் மலக்குடல் புற்று அறுவையில் இடுப்பெலும்புக் கூட்டின் நரம்புகள் பாதிக்கப்பட்டால் சிக்கல்கள் வரலாம், அவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஸ்டோமாவோடு கருவுற்றுப் பிள்ளை பெற்ற பெண்களும் உண்டு.

கையைப் பிடித்துக் கற்றுக்கொடுக்க இந்தியாவில் ஆள்கள் இருக்கிறார்கள், போதுமான அளவில் இல்லை. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய ஆஸ்டமி சங்கம் நோயாளிகளை நோயாளிகளோடு இணைக்கிறது. அங்குள்ள டாட்டா நினைவு மருத்துவமனையில் ஸ்டோமா செவிலியருக்குப் பயிற்சி தரப்படுகிறது. 1993 முதல் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை அக்டோபர் முதல் சனிக்கிழமை உலக ஆஸ்டமி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆனால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் நிரந்தர ஸ்டோமா இல்லை. ஆகவே, வாழ்நாள் முழுதும் பை வாங்க வேண்டிய ஒரு தினக்கூலித் தொழிலாளி அந்தச் சட்டத்தின் வழி உதவி கேட்டு நிற்க இடமில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற ஒரு செவிலியரும், விலையில்லாப் பைகளும் இருந்தாக வேண்டும். அறுவையை இலவசமாகச் செய்துவிட்டு, அதன்பின் ஒட்ட வேண்டிய தட்டுக்கு நோயாளியைக் கடனாளியாக்குவது பாதி வைத்தியம்தான்.

என் தந்தை வெளியூர் போகும்போது ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொள்வார். அதில் முன்கூட்டியே வெட்டி வைத்த இரண்டு தட்டுகள், இரண்டு பைகள், ஒரு தண்ணீர் பாட்டில், பழைய வேட்டியைக் கிழித்த துணி, செய்தித்தாள், மாற்று உடுப்பு ஒன்று ஆகியவை இருக்கும். விமானத்தில் கத்தரிக்கோலுக்குத் தடை வரலாம் என்பதாலும், பெட்டி வேறு ஊருக்குப் போய்விடலாம் என்பதாலும், வெட்டிய தட்டுகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தச் செவிலியர் சொல்லியிருந்தார். அதை அவர் பேருந்துக்கும் பின்பற்றினார். அறுவை நடந்த ஓராண்டுக்குப் பின் உறவினர் வீட்டுத் திருமணத்தில் பந்திக்கு அழைத்தபோது, எழுந்து முதலில் கழிப்பறைக்குப் போய்ப் பையைக் காலி செய்துவிட்டு வந்தார். வேட்டியை வழக்கத்தைவிட இரண்டு விரற்கடை உயர்த்திக் கட்டியிருந்தார். பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சுண்டலை மட்டும் வேண்டாம் என்று கையால் மறைத்துவிட்டு, சாம்பார், ரசம், பாயசம், மோர் என்று கடைசிவரை இருந்து சாப்பிட்டார்.